ஜெபாவின் தோளில் ஒரு கை

பிப்ரவரி 5, திங்கள்

இது போன வருஷத்து விலங்கியல் ரெக்கார்டு நோட்டு. மண்புழுவுக்கும் கரப்பான்பூச்சிக்கும் நடுவில் உள்ள வெற்றுப் பக்கங்களில் எழுதுகிறேன். இதை யாரும் புரட்ட மாட்டார்கள். உலகு அக்கா தூங்கிவிட்டாள். அம்மாவின் போன் டார்ச்சைப் போர்வைக்குள் வைத்திருக்கிறேன். பயத்தில் தூக்கம் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

இன்று பன்னிரண்டாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்குக் குரூப் போட்டோ. வருஷா வருஷம் வரும் போட்டோகிராபர், தை மாதத்தில் கல்யாண வேலைதான் பார்ப்பேன் என்று கையை விரித்துவிட்டார். அதனால் எங்கள் வகுப்பாசிரியர் எஸ்தர் டீச்சர் தன் வீட்டுக்காரரின் பெரிய கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தார். ஆனால் படத்தில் தலைமையாசிரியையான பெரிய டீச்சருக்குப் பக்கத்து நாற்காலியில் எஸ்தர் டீச்சரும் உட்கார வேண்டும். அப்படியானால் யார் எடுப்பது?

"நான் எடுக்கேன் டீச்சர்."

சொன்னது நான்தான். வகுப்பே திரும்பிப் பார்த்தது. "ஏட்டி, ஒனக்குப் பேச்செல்லாம் வருமா?" என்று சேர்மக்கனி கேட்டாள். கனி என் பெஞ்சுக்காரி. வகுப்பிலேயே உயரமானவள், சத்தமானவள்.

"நீ எடுத்தா நீ எப்படிட்டி வேணி படத்துல வருவ?" என்றார் டீச்சர்.

"அப்புறமா கம்ப்யூட்டர்ல ஒட்டிக்கிடலாம் டீச்சர்."

எனக்கு எதையும் ஒட்டத் தெரியாது. எப்படி அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

வேப்பமரத்தடியில் ஆறு படம் எடுத்தேன். முதல் நான்கில் கனி இடது ஓரத்தில் நின்றாள், பக்கத்தில் நின்ற ஜெபாவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு. டீச்சர் எழுந்துவந்து கேமராவில் பார்த்தார். "ஏய் கனி, பனைமரம் மாரி ஓரத்துல நிக்க! கையை எடு. நடுவுல போய் நில்லு. அந்த எடம் வேணிக்கு." கனி பின்வரிசை நடுவுக்குப் போனாள். இடது ஓரத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. ஐந்தாவது படத்தில் கேமரா அசைந்து எல்லாரும் மங்கலாகிவிட்டார்கள். ஆறாவது அருமையாக வந்தது, ஜெபா மட்டும் கண்ணை மூடிவிட்டாள். அதற்குள் சாப்பாட்டு மணி அடித்தது. அவ்வளவுதான், வரிசை தட்டும் கையுமாக ஓடிவிட்டது.

ஆறு படங்களையும் பென் டிரைவில் போட்டு டீச்சர் என்னிடம் தந்தார். "நாப்பத்தொரு தலை வேணி. ஒண்ணு கொறையப்படாது."

போன வருஷம் ஒரு அக்காவின் முகம் முன்னால் நின்றவளின் ரிப்பனுக்குப் பின்னால் மறைந்துபோய், அவள் அம்மா பள்ளிக்கூட வாசலில் வந்து அழுதிருக்கிறார். அதிலிருந்து பெரிய டீச்சர் பென்சில் முனையால் ஒவ்வொரு தலையாக எண்ணிப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறார்.

நான் வழக்கம்போல் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

பென் டிரைவைச் சின்ன இணைப்பு ஒயரில் அம்மாவின் போனோடு மாட்டி, மூன்று செயலிகளை இறக்கிப் பார்த்தேன்.

முதல் செயலி, கேட்காமலேயே எல்லாரையும் வெள்ளையாக்கியது. பெரிய டீச்சருக்கு இருபது வயது ஆகிவிட்டது. மூக்கு பாதியாகிவிட்டது. இதைக் காட்டினால் டி.சி. கிழிந்துவிடும். இரண்டாவது, படத்தின் நடுவில் தன் பெயரை எழுதிக்கொண்டு, பெயரை எடுக்க வேண்டுமானால் பணம் கட்டு என்றது. மூன்றாவது நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஒரு முகத்துக்கு மேல் இருந்தால் குழம்பிவிடுகிறது. முன்வரிசை முப்பிடாதியின் காதில் பூனை மீசை முளைத்தது.

பள்ளியில் இன்னொரு செய்தி. டீச்சர் கேமரா கார்டை நேற்றே அழித்துவிட்டாராம், மகளின் ஆண்டுவிழா நடனம் எடுப்பதற்காக. ஆக, ஆறு படங்களும் உலகத்தில் என் பென்சில் டப்பாவுக்குள் மட்டும்தான் இருக்கின்றன. மதியம் சாப்பிடும்போது டப்பாவை மூன்று தடவை திறந்து பார்த்தேன்.

பிப்ரவரி 7, புதன்

கனியின் மாமா பிளெக்ஸ் கடை வைத்திருக்கிறார். "மாமாட்ட பெரிய சாப்ட்வேர் இருக்குட்டி. காசு கட்டாம பூட்ட ஒடச்சது. பென் டிரைவ்ல போட்டுத் தாரேன்" என்றாள் கனி.

எனக்கு உலகு அக்காவின் முகம் கண்ணில் வந்தது. வீட்டில் இருப்பது அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப். வங்கித் தேர்வுக்கு அதில்தான் படிக்கிறாள். "வெளி பென் டிரைவ் சொருகினா, வைரஸ் ஏறினா, ஒன்னைய வாய்க்கால்ல தூக்கிப் போட்டுருவேன்" என்று சொல்லியிருக்கிறாள். செய்யக்கூடியவள்.

அதனால் பூட்டு உடைக்காமலே திறந்து கிடக்கும் ஒன்றைத் தேடினேன். கிம்ப் என்று ஒன்று. காசு கிடையாது, பெயர் எழுதாது, பழைய லேப்டாப்பிலும் ஓடும். அக்கா கோச்சிங் போயிருந்த நேரத்தில் அம்மாவின் ஹாட்ஸ்பாட்டில் இறக்கிவிட்டேன். டீச்சரின் பென் டிரைவைச் சொருகியதும் முதல் வேலையாக வைரஸ் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தாலும் சொருகியது சொருகியதுதான்.

சாயங்காலம் அம்மா பீடி சுற்றும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு போனைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். "இன்னைக்கு நெட்டு எங்கட்டி போச்சு? நாடகம் சுத்திக்கிட்டே நிக்கி."

"மேகமா இருக்கும்மா."

வானத்தில் ஒரு துணுக்கு மேகம் இல்லை.

கிம்ப்பின் சின்னம் வாயில் தூரிகையைக் கவ்விய நாய் போன்ற ஒரு பிராணி. அதை அக்காவின் 'நடப்பு நிகழ்வுகள்' கோப்புறைக்குள் ஒளித்துவைத்தேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

கற்றுக்கொண்டேன்! ஒரு படத்துக்கு மேல் இன்னொரு படத்தைக் கண்ணாடித்தாள் போல அடுக்க முடியும். மேலே உள்ளதில் ஓட்டை போட்டால் கீழே உள்ளது தெரியும். முகப்பருவின் மேல், பக்கத்துத் தோலை எடுத்துப் பூச முடியும். முதல் பரு போனதும் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். வீட்டில் யாரும் இல்லை.

பள்ளியில் செய்தி பரவி, துண்டுச்சீட்டுகள் வர ஆரம்பித்துவிட்டன. "வேணி, என்னைக் கொஞ்சம் கலராக்கு." "என் மச்சத்தை எடு." "என் ஜடையை இடுப்பு வரை இழுத்து விடு, ப்ளீஸ்." கனி மட்டும், "என்னைய ரெண்டு இஞ்சு வெட்டு" என்று எழுதியிருந்தாள்.

யோசித்து ஒரு சட்டம் போட்டேன். ஒரு வாரத்தில் தானாகப் போவதை நான் எடுப்பேன். போகாததைத் தொட மாட்டேன். பரு போகும், எடுக்கலாம். மச்சம் போகாது, இருக்கட்டும். நிறமும் உயரமும் அப்படித்தான்.

"நீதிபதி வேணி வாழ்க" என்றாள் கனி. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் சிரித்தேன், கையால் மறைத்துக்கொண்டு.

லேப்டாப்பில் பேட்டரி அரை மணி நேரத்துக்கு மேல் நிற்காது. இன்று நான் திறந்தபோது முழுதாக இருந்தது. அக்கா மறந்துபோய் சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். நல்லகாலம்.

பிப்ரவரி 11, ஞாயிறு

என்னை ஒட்டுவதற்காக என்னையே படம் எடுத்தேன். பதினேழு படம். எல்லாவற்றிலும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, வேப்பங்கொழுந்தைக் கடித்தவள் மாதிரி நிற்கிறேன்.

ஒன்றில் மட்டும் வாய் திறந்திருந்தது. அதில் அந்தப் பல் தெரிகிறது. ஒன்பதாம் வகுப்பில் வாய்க்கால் பாலத்தில் சைக்கிளோடு விழுந்தபோது பாதி உடைந்த முன்பல். அதைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

ஜெபாவின் பல்லை வெட்டி எடுத்து என் வாயில் வைத்துப் பார்த்தேன். பொருந்தியது. அழகாகக்கூட இருந்தது. ஆனால் யாரோ சித்தி மகள் மாதிரி இருந்தாள் அந்தப் பெண். பயந்துபோய் அழித்துவிட்டேன்.

என்னைக் கடைசியில் ஒட்டிக்கொள்கிறேன். அவசரம் இல்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்

செய்முறைத் தேர்வு முடிந்து வந்து ஜெபாவின் கண்ணைத் திறந்தேன். மூன்றாவது படத்தில் அவள் கண் திறந்திருக்கிறது. அதிலிருந்து இடது ஓரத்தை எடுத்து ஆறாவது படத்தின் மேல் ஒட்டினேன். ஓரம் தெரியாமல் இழைத்தேன். இரண்டு மணி நேரம். இன்றும் அக்கா சார்ஜரைச் சொருகியே விட்டுப் போயிருந்ததால் லேப்டாப் அணையவில்லை.

புதுப் படமாக எடுத்துவைக்க ஏற்றுமதி என்று ஒரு பொத்தான், அதற்குக் கீழேயே பழைய படத்தின் மேலேயே எழுத மேலெழுது என்று ஒரு பொத்தான். வாசலில் அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டது. பதற்றத்தில் கீழே இருந்ததை அழுத்தி, எல்லாவற்றையும் மூடிவிட்டேன்.

இரவு போனில் போட்டு எண்ணினேன். நாற்பத்தொன்று. மனசு குளிர்ந்துவிட்டது.

அப்புறம்தான் உறைத்தது. என்னைத்தான் இன்னும் ஒட்டவே இல்லையே.

மறுபடி எண்ணினேன். நாற்பத்தொன்றுதான். பின்வரிசை நடுவில் கனி நிற்கிறாள். இடது ஓரத்தில், ஜெபாவின் தோளில் கை போட்டுக்கொண்டு, இன்னொரு கனி நிற்கிறாள். என் இடத்தில்.

பழைய ஆறாவது படம் இல்லை. அதன் மேல்தான் எழுதிவிட்டேன். அடுக்குகளும் தனியாக இல்லை, எல்லாம் ஒன்றாக ஒட்டிப்போயிற்று. ஐந்தாவது மங்கல். மற்ற நான்கிலும் அந்த ஓரத்தில் கனிதான்.

இது தவறுதலாக நடந்தது. ஜெபாவின் கண்ணை மட்டும் எடுத்திருக்கலாமே, எதற்கு ஓரம் முழுவதையும் எடுத்தாய் என்று யாராவது கேட்டால், தவறுதலாக என்றுதான் சொல்வேன்.

பிப்ரவரி 14, புதன்

பெரிய டீச்சர் பென்சிலை எடுத்து, டீச்சரின் கணினித் திரையில் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார்.

"முப்பத்தொம்பது, நாப்பது, நாப்பத்தொண்ணு. சரியா இருக்கு. எஸ்தர், இந்தப் பிள்ளைக்குக் கை சுத்தம்."

நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். கை தானாக வந்து மூடிக்கொண்டது.

பிப்ரவரி 15, வியாழன்

யாருக்கும் தெரியப்போவதில்லை. நாற்பத்தொரு தலை இருக்கிறது. அதுதானே கணக்கு?

பிப்ரவரி 16, வெள்ளி

கனியின் மாமா கடையில் பெயர்களோடு ஒரு மாதிரிப் பிரதி அடித்து வந்தது. திருத்தம் இருந்தால் புதன்கிழமைக்குள் சொல்ல வேண்டும், அப்புறம் எல்லாருக்கும் அடித்துவிடுவார்கள். வகுப்பில் கைக்குக் கை போயிற்று. எல்லாரும் அவரவர் முகத்தை மட்டும்தான் பார்த்தார்கள். பார்த்துவிட்டு அடுத்தவளிடம் தள்ளினார்கள். நல்லவேளை.

கனி மட்டும் நெடுநேரம் பார்த்தாள். அடியில் இருந்த பெயர்களை விரல் வைத்துப் படித்தாள். அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

சைக்கிள் ஸ்டாண்டில் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி மூதி, எங்க அம்மைக்கு நான் ஒண்ணுதான். நீ எப்படிட்டி என்னைய ரெட்டைப் பிள்ளையாக்கின?"

"தெரியாம நடந்துட்டு."

"சரி. தெரிஞ்ச ஒடனே ஏன் சொல்லல?"

சைக்கிள் பூட்டைத் திறப்பது போலக் குனிந்துகொண்டேன்.

"இடமிருந்து வலம், ஆர். இசக்கிவேணின்னு போட்டிருக்கு. மேல பாத்தா என் மூஞ்சி. ஒன் எடத்துல நான் எதுக்குட்டி நிக்கேன்?"

அழுதுவிட்டேன். அழும்போதும் வாயைப் பொத்திக்கொண்டுதான் அழுதேன். அவள் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"இதுக்காகவா? மூணு வருஷமா ஒன் பக்கத்துல உக்காந்து சோறு திங்கேன். நான் பாக்காத பல்லா அது?"

"கனி, நான் சரி பண்ணிப் பாத்தேன். அப்போ வேற ஆளா இருக்கேன்."

"நீதானட்டி சட்டம் போட்ட? ஒரு வாரத்துல தானா போறதத்தான் எடுப்பேன்னு? அந்தப் பல்லு ஒரு வாரத்துல மொளைக்குமா?"

"மொளைக்காது."

"அப்போ தொடப்படாது. நீதிபதிக்கு மட்டும் தனிச் சட்டமா?"

பிப்ரவரி 19, திங்கள்

எஸ்தர் டீச்சரிடம் சொல்லிவிட்டேன். கனி பின்னால் நின்று என் முதுகில் விரலால் குத்திக்கொண்டே இருந்தாள், அதனால் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். கனியைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"ரெண்டு கனியா? ஒரு கனியவே எனக்கு ஒரு வருஷம் தாங்கல!"

நான் திட்டுக்காகக் காத்திருந்தேன். டீச்சரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கடைசியில், "நாளைக்குள்ள சரி பண்ணிருவியா? பெரிய டீச்சருக்கு நான் சொல்லிக்கிடுதேன்" என்றார்.

பழைய படம் இல்லாததால் ஒரே வழிதான் உண்டு. ஓரத்துக் கனியின் மேலேயே என்னை ஒட்டி அவளை மறைக்க வேண்டும். வெயில் ஒரே மாதிரி விழ வேண்டும் என்பதால், அதே வேப்பமரத்தடி, சாப்பாட்டு மணிக்கு முந்தைய அதே நேரம். கனி என்னைவிட ஒரு சாண் உயரம். அவள் தலை மறைய வேண்டுமே என்று என்னை இரண்டு செங்கல் மேல் ஏற்றிவிட்டார்கள். டீச்சர் வீட்டுக்கு ஆள் அனுப்பி வரவழைத்த கேமராவைப் பிடித்தார்.

வாயை மூடிக்கொண்டு நின்றேன். டீச்சர் மூன்று எண்ணுவதற்குள் கனி கேமராவுக்குப் பக்கத்தில் வந்து நின்று, பென்சிலைக் காற்றில் குத்திக் குத்தி, பெரிய டீச்சர் குரலிலேயே எண்ண ஆரம்பித்தாள். "நாப்பது கனி, நாப்பத்தொரு கனி, நாப்பத்திரெண்டு கனி. சரியா இருக்கு எஸ்தர். இந்தப் பிள்ளைக்குக் கை சுத்தம்." அவளுக்குப் பின்னால் பெரிய டீச்சரே வந்துகொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

என்னால் முடியவில்லை. செங்கலிலிருந்து சாயாமல் இரண்டு கையையும் பின்னால் கொடுத்து மரத்தைப் பிடித்துக்கொண்டிருந்ததால் மூடிக்கொள்ளக் கை இல்லை. கேமரா சத்தம் கேட்டது.

கனிக்குச் சாயங்காலம் வரை வராண்டாவில் நிற்கும் தண்டனை. அங்கேயும் பேசிக்கொண்டுதான் நின்றாள்.

பிப்ரவரி 20, செவ்வாய்

இன்று இரண்டு பெரிய விஷயம்.

முதலாவது, ஒட்டிவிட்டேன். கனியின் தலை, ஜடை, ரிப்பன் எல்லாம் எனக்குப் பின்னால் போய்விட்டது. பல்லைத் தொடவில்லை. கன்னத்தில் ஒரு பரு இருந்தது, அதை மட்டும் எடுத்தேன். சட்டப்படி. இந்தத் தடவை வேறு பெயரில் மூன்று பிரதி எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஆனால் கனியின் கை மறையவில்லை. ஜெபாவின் தோளில் அப்படியே கிடக்கிறது. அந்தக் கைக்கு அடியில் ஜெபாவின் தோள் எப்படி இருக்கும் என்று தெளிவாகக் காட்டும் படம் ஒன்றுகூட இப்போது இல்லை. பூசிப் பூசிப் பார்த்தேன், ஜெபாவுக்குத் தோளில் வீக்கம் கண்டது போல ஆயிற்று.

"அந்தக் கை இருக்கட்டும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

இரண்டாவது விஷயம் இதுதான். உலகு அக்கா. எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. நான் லேப்டாப்பைப் படாரென்று மூடப் போனேன்.

"மூடாத. சேமிச்சியா மொதல்ல?"

"அக்கா, வைரஸ் எல்லாம் இல்லக்கா. நான்..."

"தெரியும். நான் மறுநாளே பாத்தேம்லா, அந்தத் தூரிகை கவ்வின நாய. நடப்பு நிகழ்வுகள்ல நாய்க்கு என்னட்டி வேல?"

"பொறவு ஏன் ஒண்ணும் சொல்லல?"

"தெனமும் சார்ஜ் போட்டு வச்சது பூதமா?" என்றாள். கிட்டே வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். படத்தில் என் முகத்துக்கு வந்ததும் அவள் பார்வை நின்றது. "கனி ஒன் பெஞ்சுக்காரிதானே? அவ கை ஒன் கையா இருந்துட்டுப் போகட்டும்."

ஏற்றுமதிப் பொத்தானை அழுத்தினேன். மேலே இருந்ததை.

இப்போது எழுதிக்கொண்டிருக்கும்போது இருட்டில் அக்கா பேசினாள். தூங்கவில்லையாம். "லைட்டப் போட்டு எழுதுட்டி, கண்ணு கெட்டுப்போகும். அப்படியே அந்தக் கரப்பான்பூச்சிக்கு இன்னும் ரெண்டு கால் வரை. நாலுதான் போட்டிருக்க."

எண்ணிப் பார்த்தேன். நான்குதான் இருந்தன.

பிப்ரவரி 23, வெள்ளி

புதன்கிழமை பெரிய டீச்சர் மறுபடி பென்சிலால் எண்ணினார். நாற்பத்தொன்று. என் தலையில் மட்டும் பென்சில் கொஞ்சம் நின்றது. "இந்த ஒருத்திதான் சிரிக்கா. மத்தவ எல்லாம் ஊசி போட நிக்க மாரி நிக்கீங்க" என்றார். கையெழுத்துப் போட்டார்.

விடைபெறும் விழாவில் ஆளுக்கு ஒரு படம் கொடுத்தார்கள். ஜெபா ஓடிவந்தாள். "ஏட்டி வேணி, நீ என் தோள்ல கை போட்டியா? எனக்குத் தெரியவே இல்லையே!" கனி பின்னால் நின்று, இடது கையைத் தூக்கி விரல்களை ஆட்டிக் காட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு கையில் படம், ஒரு கையில் கேக். அப்படியே சிரித்தேன்.

வீட்டில் அம்மா பீடித் தட்டை ஒதுக்கிவைத்துவிட்டு, புகையிலைத் தூள் பட்டுவிடாமல் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினாள். விரலால் தேடினாள். இடது ஓரத்துக்கு வந்ததும் விரல் நின்றது. முந்தானையால் படத்தில் என் வாயருகே லேசாகத் துடைத்தாள்.

"அது தூசி இல்லம்மா, பல்லு."

"தெரியும்ட்டி" என்றாள் அம்மா. துடைத்துக்கொண்டே இருந்தாள்.